சொன்னபடி கேட்கும் தசை, சொல்லாமலே உழைக்கும் தசை

"என்னடி, நல்லா சதை போட்டுட்டே!" கல்யாண வீட்டுப் பந்தியில் இப்படி ஒரு குரல் கேட்டால் யாருக்குமே முகம் கொஞ்சம் வாடத்தான் செய்யும். ஆனால் அவர்கள் சொல்வது சதையை அல்ல, கொழுப்பை. தசை வேறு, கொழுப்பு வேறு. தசை என்பது போட நினைத்தாலும் சுலபத்தில் போட முடியாத சரக்கு. ராத்திரியில் கெண்டைக்காலைச் சுண்டி இழுத்தால் "நரம்பு இழுத்துக்கிச்சு" என்கிறோம். அதுவும் நரம்பு அல்ல, தசைதான். பிள்ளை பெற்ற பிறகு, இருமினால், தும்மினால், வாய்விட்டுச் சிரித்தால் இரண்டு சொட்டுச் சிறுநீர் கசிந்துவிடுகிறது. "வயசாகுது, அப்படித்தான் இருக்கும்" என்று புடவையைச் சரிசெய்துகொண்டு பேசாமல் இருந்துவிடுகிறோம். அதுவும் பெரும்பாலும் தசையின் சங்கதிதான்.

இந்தக் கடைசி விஷயத்தை நம் பெண்கள் பெற்ற தாயிடமும் சொல்வதில்லை, கட்டிய கணவரிடமும் சொல்வதில்லை, டாக்டரிடமும் சொல்வதில்லை. வெளியூர்ப் பயணத்தைத் தள்ளிப் போடுவார்கள், கோயில் பிரகாரத்தைச் சுற்றத் தயங்குவார்கள், தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். வாய் மட்டும் திறக்க மாட்டார்கள். இத்தனைக்கும் அது நாம் சொன்னால் கேட்கக்கூடிய தசை! அது எப்படி என்று புரிய வேண்டுமானால், முதலில் தசை என்றால் என்ன, அது எப்படிச் சுருங்குகிறது என்று கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், பாதி மறந்திருக்கும்.

நம் உடம்பில் மூன்று வகைத் தசைகள் உண்டு. எலும்போடு ஒட்டிக்கொண்டு கையையும் காலையும் ஆட்டி வைப்பவை முதல் வகை. இவை மட்டும் 600-க்கு மேல். ஒரு பெண்ணின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவைதான். பெரியது நாம் உட்காரும் இடத்தில் இருக்கிறது; மிகச் சிறியது காதுக்குள்ளே ஒரு அரிசி நீளத்துக்கு, 6 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் குறுக்கே வரிவரியாகத் தெரியும். ஆகவே வரித்தசை என்று பெயர். "எழுந்திரு" என்றால் எழுந்திருக்கும், "மாவைப் பிசை" என்றால் பிசையும். நம் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை. இரண்டாவது வகைக்கு வரி கிடையாது. குடல், இரத்தக் குழாய், மூச்சுக் குழாய், மூத்திரப்பை, கர்ப்பப்பை எல்லாவற்றின் சுவரிலும் இருப்பது இந்த மென்தசைதான். நம்மைக் கேட்டுக்கொண்டு இவை வேலை செய்வதில்லை. மூன்றாவது இதயத் தசை. இதற்கு வரியும் உண்டு, ஆனால் நம் பேச்சையும் கேட்காது.

அசைவம் சமைக்கிற வீடுகளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கோழியின் தொடைக்கறி கருத்துச் சிவந்திருக்கும், நெஞ்சுக்கறி வெளுத்திருக்கும். நாள் முழுக்க நின்று நடக்கும் கோழிக்குக் கால் தசை களைக்காமல் உழைக்க வேண்டும். அதற்குப் பிராணவாயுவைப் பிடித்து வைக்கும் ஒரு சிவப்புச் சத்து அந்தத் தசையில் ஏராளம். நெஞ்சுத் தசையோ எப்போதாவது படபடவென்று சிறகடித்து வேலி தாண்ட மட்டும். வேகம் உண்டு, சீக்கிரம் களைத்துப் போகும். நம்மிடமும் இந்த இரண்டு ரக இழைகளும் உண்டு. ஆனால் கோழிக்கு மாதிரி தனித்தனியாக இல்லாமல், ஒவ்வொரு தசையிலும் கலந்து கிடக்கின்றன. இது பின்னால் நமக்குத் தேவைப்படும்.

சரி, தசை எப்படிச் சுருங்குகிறது? ரப்பர் மாதிரி இழுபடுவதாகவோ, ஸ்பிரிங் மாதிரி மடங்குவதாகவோதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மை தெரிந்தது 1954-ல். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜீன் ஹான்சன் என்ற பெண் விஞ்ஞானியும் ஹியூ ஹக்ஸ்லியும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்க்கே என்பவரும் வேறு வழியில் ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தார்கள். இரண்டு கட்டுரைகளும் 'நேச்சர்' பத்திரிகையின் ஒரே இதழில் அடுத்தடுத்து வெளியாயின. இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர்கூட இல்லை! ஜீன் ஹான்சன் 1973-ல், ஐம்பத்து மூன்றே வயதில், மூளைக் காய்ச்சலால் இறந்துபோனார். பாடப் புத்தகங்களில் ஹக்ஸ்லி பெயர் நிற்கிற அளவுக்கு இந்தப் பெண்மணியின் பெயர் நிற்கவில்லை என்பது என் மனக்குறை.

அவர்கள் கண்டது இதுதான். தசை இழைக்குள்ளே இரண்டு வித நூல்கள் உண்டு. தடித்த நூலுக்கு மயோசின் என்று பெயர், மெல்லிய நூலுக்கு ஆக்டின். இரண்டு கை விரல்களையும் எதிரெதிரே வைத்துக் கோத்துப் பாருங்கள். உள்ளே தள்ளத் தள்ள, விரல்கள் குட்டையாவதில்லை. ஒன்றுக்குள் ஒன்று நழுவுகின்றன, மொத்த நீளம் குறைகிறது. தசையும் அப்படித்தான். நூல் எதுவும் சுருங்குவதில்லை, ஒன்றின்மேல் ஒன்று சறுக்குகிறது.

சறுக்க வைப்பது யார்? கிணற்றில் தண்ணீர் சேந்தியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு கையால் கயிற்றைப் பிடித்து இழுக்கிறோம், விடுகிறோம், இன்னும் சற்று மேலே பிடிக்கிறோம், மறுபடி இழுக்கிறோம். தடித்த நூலின் பக்கவாட்டில் நூற்றுக்கணக்கான குட்டிக் கைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவை மெல்லிய நூலைப் பிடித்து, இழுத்து, விட்டு, மறுபடி பிடித்து... இப்படியே வாளியை மேலே கொண்டுவந்துவிடுகின்றன. கயிற்றை எப்போது பிடிக்கலாம் என்று உத்தரவு கொடுப்பது கால்சியம் என்ற சுண்ணாம்புச் சத்து. மூளையிலிருந்து நரம்பு வழியாகச் செய்தி வந்ததும், இழைக்குள் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கும் கால்சியம் திறந்து விடப்படுகிறது. பிடிமானத்தை மறைத்திருந்த திரை விலகுகிறது, இழுப்பு ஆரம்பம். கால்சியம் மறுபடி பெட்டிக்குள் போனதும் தசை தளர்கிறது. இதைக் கேட்டுவிட்டு, கால்சியம் மாத்திரை போட்டால் பிடிப்பெல்லாம் பறந்துவிடும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரத்தத்தில் கால்சியம் குறையாமல் உடம்பே பார்த்துக்கொள்கிறது, தேவைப்பட்டால் எலும்பிலிருந்து எடுத்தாவது!

இழுக்கும் கைக்குக் கூலி ஏ.டி.பி. என்ற சக்திப் பொருள். நாம் சாப்பிடும் சோறும் பருப்பும் கடைசியில் இதுவாகத்தான் மாறுகின்றன. இதைத் தசையோடு சேர்த்து வைத்துக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் ஹங்கேரி நாட்டு சென்ட்-கியோர்கி. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில், முயல் தசையிலிருந்து பிரித்தெடுத்த நூல்களின்மேல் ஏ.டி.பி.யை விட்டார். உயிரில்லாத அந்த நூல் கண்ணெதிரே சுருங்கிற்று! இவர்தான் அதற்கு முன்பு வைட்டமின் 'சி' ஆராய்ச்சிக்காக 1937-ல் நோபல் பரிசு வாங்கியவர். ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் குடைமிளகாய் வைத்தார்களாம். சாப்பிடப் பிடிக்கவில்லை. மறுப்பதற்கு ஒரு சாக்கு வேண்டுமே என்று அதை ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தூக்கிப் போய்ப் பரிசோதித்தால், உள்ளே வைட்டமின் 'சி' கொட்டிக் கிடந்ததாம். அவரே சொன்ன கதை. தட்டில் வைத்ததைச் சாப்பிடாத ஆண்பிள்ளைகள் எல்லாருமே இப்படி உருப்படியாக ஏதாவது செய்தால் நாம் ஏன் கோபித்துக்கொள்ளப் போகிறோம்?

இதில் ஒரு விசேஷம். கயிற்றை விடுவதற்குத்தான் ஏ.டி.பி. கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் பிடித்த கை பிடித்தபடியே நின்றுவிடும். உயிர் போன சில மணி நேரத்தில் உடம்பு விறைத்துக்கொள்வது இதனால்தான். உயிருள்ள உடம்பில் ராத்திரி கெண்டைக்காலைப் பிடித்துக்கொள்வது வேறு. அங்கே நரம்பு "இழு, இழு" என்று தேவையில்லாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு இது அதிகம். தேய்ப்பதற்கு முன்னால், முழங்காலை நீட்டி, பாதத்தின் முன்பகுதியைக் கையால் பற்றி முகத்தை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். வயிறு இடித்தால் பக்கத்தில் இருப்பவரை இழுக்கச் சொல்லுங்கள். அரை நிமிஷத்தில் பிடி விடும். ஆனால் ஒரு காலில் மட்டும் வலி விடாமல் இருந்து, வீக்கமும் சூடும் சேர்ந்திருந்தால் அது தசைப்பிடிப்பாக இருக்காது. இரத்தக் குழாயில் கட்டி உறைந்திருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

இதயத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாள் ஒன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை அது சுருங்கி விரிகிறது. ஒரு துடிப்பு முடிந்து சற்று ஓய்ந்த பிறகுதான் அடுத்த கட்டளையை ஏற்கும்படி அமைந்திருப்பதால், கெண்டைக்கால் மாதிரி அது ஒரேயடியாகப் பிடித்துக்கொள்வதில்லை. அதற்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டால், பெண்களுக்கு நெஞ்சுவலி மட்டும்தான் வரும் என்றில்லை. மூச்சு வாங்குதல், இனம் தெரியாத அசதி, தாடை வலி, முதுகு வலி, குமட்டல் இவையும் வரலாம். "வாயு" என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு அடுப்படியிலேயே நின்றுகொண்டிருக்காதீர்கள்.

இனி மென்தசை. இதிலும் அதே மயோசினும் ஆக்டினும்தான். ஆனால் வரிசையாக அடுக்கி வைக்காமல் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டிருப்பதால் வரி தெரிவதில்லை. நிதானமாகச் சுருங்கும், கொஞ்சம் சக்தியைச் செலவழித்து வெகுநேரம் பிடித்து வைத்திருக்கும். குளிரில் மயிர்க்கூச்செறிகிறதே, அது ஒவ்வொரு ரோமத்தின் அடியிலும் இருக்கும் குட்டி மென்தசையின் வேலை.

மென்தசைகளில் ராணி கர்ப்பப்பைதான். சாதாரண நாளில் அதன் எடை சுமார் 60 கிராம், ஒரு எலுமிச்சம்பழ எடை. நிறைமாதத்தில் குழந்தையைச் சேர்க்காமலே சுமார் ஒரு கிலோ! பிரசவ வலியின்போது அது சுருங்குகிறது, பிறகு தளர்கிறது. ஆனால் தளரும்போது பழைய நீளத்துக்குத் திரும்பிப் போவதில்லை. ஒவ்வொரு வலிக்கும் இழை கொஞ்சம் குட்டையாகிக்கொண்டே வருகிறது. அதனால்தான் குழந்தை படிப்படியாக இறங்குகிறது. இரண்டு வலிக்கு நடுவே வரும் இடைவெளி தாய் மூச்சு விட்டுக்கொள்ள மட்டுமல்ல. இறுகிய நேரத்தில் நஞ்சுக்குப் போகும் இரத்தம் குறைகிறது. தளர்ந்த நேரத்தில்தான் குழந்தைக்குப் பிராணவாயு தாராளமாகக் கிடைக்கிறது. "ஊசியைப் போட்டுச் சட்டென்று முடிச்சுடுங்க" என்று வராந்தாவில் அவசரப்படுத்தும் உறவினர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வலியைக் கூட்டும் ஆக்சிடோசின் மருந்து, அளவு பார்த்து, குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டியது. மிஞ்சினால் இடைவெளியே இல்லாமல் போகும். கர்ப்பப்பை கிழியும் அபாயமும் உண்டு.

அதே ஆக்சிடோசின், குழந்தை பிறந்தவுடன் உயிர் காக்கும் மருந்து. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் இரத்தம் பாய்கிறது. நஞ்சு பிரிந்ததும் அந்தக் குழாய்களின் வாய் திறந்து கிடக்கும். மூடுவது எது? குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய தசை இழைகள்தான் சுருங்கி, குழாய்களை நெரித்துக் கட்டுகின்றன. தசை தளர்ந்து கிடந்தால் இரத்தம் நிற்காது. பிரசவத்தில் தாய்மார்கள் இறப்பதற்கு இந்த இரத்தப்போக்கு ஒரு பெரிய காரணம். பிரசவமான எல்லாத் தாய்க்கும் இந்த ஊசி 10 யூனிட் போடும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்வது அதனால்தான். 1906-ல் ஹென்றி டேல் என்பவர் மூளையடிச் சுரப்பிச் சாற்றில் இந்தக் குணத்தைக் கண்டார். 1953-ல் டு விக்னோ அதைச் செயற்கையாகத் தயாரித்தார். 1955-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

குழந்தை முலைக்காம்பைச் சப்பும்போது தாயின் உடம்பே ஆக்சிடோசினைச் சுரக்கிறது. பால் கொடுக்கையில் அடிவயிற்றைப் பிசைகிற மாதிரி வலித்தால், "பால் கொடுத்தால் வயிறு வலிக்குது, புட்டிப்பால் கொடுத்திடலாமா?" என்று இளந்தாய்மார்கள் பயப்பட வேண்டியதில்லை. கர்ப்பப்பை சுருங்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. சில நாட்களில் அந்த வலி நின்றுவிடும். ஆறு வாரத்தில் அந்த ஒரு கிலோ தசை ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடும். இன்னொன்று: மூத்திரப்பை நிறைந்திருந்தால் கர்ப்பப்பை சரியாகச் சுருங்காது. ஆகவே பிரசவத்துக்குப் பின் சிறுநீரை அடக்கிக்கொண்டு படுத்திருக்கக் கூடாது. வைத்த துணி ஒரு மணி நேரத்துக்குள் முழுக்க நனைந்துவிட்டால், "தீட்டு இரத்தம்தானே, போகட்டும்" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு உட்கார்ந்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இப்போது, ஆரம்பத்தில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். மூத்திரப்பையின் சுவர் மென்தசை. அது நம் சொல் கேட்காது. ஆனால் அதன் வாசலில் நிற்கும் வெளிக்காவலாளி வரித்தசை. கைக்குழந்தை நினைத்த நேரத்தில் தூளியை நனைத்தது போய், இரண்டு மூன்று வயதில் "அம்மா, ஒண்ணுக்கு!" என்று ஓடிவருவது இந்தக் காவலாளி பேச்சுக் கேட்கப் பழகியதால்தான். முன்னால் இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தூளி கட்டின மாதிரி ஒரு தசைப் படுகை இருக்கிறது. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுதான். கர்ப்பத்தில் பத்து மாதம் சுமந்து, பிரசவத்தில் சில இடங்களில் மூன்று மடங்கு வரை இழுபட்டு, அந்தத் தூளி தொய்ந்துவிடுகிறது. சிசேரியன் ஆனவர்களுக்கும் சுமந்த பாரம் சுமந்ததுதானே! இருமும்போது வயிற்றிலிருந்து வரும் அழுத்தத்தை அது தாங்க முடியாமல் போக, சிறுநீர் கசிகிறது.

கை கால் தசையைப் போலவே இதுவும் வரித்தசை. ஆகவே பயிற்சி கொடுத்தால் பலப்படும். அமெரிக்க மகப்பேறு டாக்டர் ஆர்னால்ட் கெகல் 1948-ல் இதை எழுதினார். அதனால் கெகல் பயிற்சி என்று பெயர். யோகாசனம் பழகியவர்களுக்கு மூலபந்தம் தெரிந்திருக்கும். கீழ்ப்பகுதியை மேலே இழுத்துப் பிடிப்பதுதான் அதிலும்.

செய்முறை மிகவும் எளிது. நாலு பேர் நடுவே வாயு பிரிய வந்தால் எப்படி அடக்குவோம்? அந்த இடத்தை இறுக்கி, உள்ளுக்கு, மேலுக்கு இழுக்க வேண்டும். கூடவே முன்பக்கம் சிறுநீரை அடக்குவது போலவும். ஐந்து எண்ணும் வரை பிடித்து, ஐந்து எண்ணும் வரை தளர விடுங்கள். தளர விடுவதும் பயிற்சியில் பாதி. பத்துத் தடவை இப்படி; பிறகு சட் சட்டென்று பத்துத் தடவை. நிதான இழையும் வேக இழையும் கலந்திருக்கிறது என்று கோழிக்கறியில் பார்த்தோமே, இரண்டுக்கும் வேலை கொடுக்கத்தான். நாளைக்கு மூன்று வேளை. பழகப் பழகப் பத்து எண்ணும் வரை பிடிக்கலாம். மூச்சை அடக்கக் கூடாது, தொடையையும் பிருஷ்டத்தையும் இறுக்கக் கூடாது, முக்கிக் கீழே தள்ளவே கூடாது. அது நேர்மாறான வேலை. சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதும் வேண்டாம். உட்கார்ந்தோ, படுத்தோ, குக்கர் மூன்று விசில் வருவதற்குள்ளோ செய்துவிடலாம். எதிரே இருப்பவருக்குக்கூடத் தெரியாது. சுகப்பிரசவம் ஆனவர்கள் வலி இல்லாவிட்டால் சில நாட்களிலேயே மெதுவாகத் தொடங்கலாம். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் அதை எடுத்த பிறகு.

மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். பத்து நாளில் "ஒண்ணும் தெரியலையே" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். இதற்கிடையில், தும்மல் வரும் என்று தெரிந்தவுடன், தண்ணீர்க் குடத்தைத் தூக்குமுன், ஒரு கணம் அந்தத் தசையை இறுக்கிக்கொள்ளுங்கள். மலச்சிக்கலுக்கு இடம் கொடுக்காதீர்கள். தினமும் முக்குவது தூளியை மேலும் தொய்ய வைக்கும். தண்ணீரையும் குறைக்கக் கூடாது. சிறுநீர் கெட்டியானால் பை எரிச்சலடைந்து இன்னும் அவசரப்படுத்தும்.

சிலருக்கு இருமல் தும்மல் இல்லாமலே, அவசரமாக வந்து, கதவைத் திறப்பதற்குள் போய்விடும். அங்கே பிரச்னை காவலாளியிடம் அல்ல. பையின் மென்தசை நம்மைக் கேட்காமலே சுருங்கிவிடுகிறது. அதற்கு மருந்தும் வேறு பழக்கங்களும் உண்டு. இரண்டும் கலந்து வருபவர்களும் இருக்கிறார்கள். எரிச்சல், சிறுநீரில் இரத்தம், கீழே ஏதோ இறங்கி நிற்கிற மாதிரி பாரம், மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகும் குணமில்லை என்றால் மகளிர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். போவதற்கு முன் மூன்று நாள், எப்போது எவ்வளவு குடித்தீர்கள், எப்போது போனீர்கள், என்ன செய்கையில் கசிந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பால் கணக்கு எழுதும் காலண்டரின் பின்பக்கம்கூடப் போதும். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால், அந்தத் தாளை அப்படியே டாக்டர் கையில் கொடுத்துவிடலாம்.